நாலிருபது, பத்து, ஏழு

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் பள்ளியில் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்த மாணவனின் தகப்பன் நன்றியுடன் எழுதுவது. என் மகன் பிரெஞ்சில் 97 வாங்கியிருக்கிறான். பள்ளி வாசலில் தாங்கள் கட்டியிருக்கும் பிளெக்ஸில் அந்த எண் அவன் முகத்தைவிடப் பெரியது.

2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுகொண்டது எங்கள் நல்ல காலம். பிளஸ் ஒன் சேர்க்கைக்கு வந்தபோது, "தமிழ் எடுத்தால் எண்பதைத் தாண்ட மாட்டான், பிரெஞ்சுதான் ஸ்கோரிங்" என்றீர்கள். பத்து வருஷம் படித்த மொழியில் மார்க் வராது, 'வணக்கம்' சொல்லக்கூடத் தெரியாத மொழியில் வந்து கொட்டும் என்ற சூட்சுமம் என் மரமண்டைக்கு அன்று ஏறவில்லை.

ரிசல்ட் வந்த சந்தோஷத்தில் குடும்பத்தோடு புதுச்சேரி போனோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா' ஒருவர் என் மாமனாருக்குச் சிநேகிதர். அவர் பையனைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். இவன் விழித்தான். "தாத்தா, எழுதிக் கொடுங்களேன்" என்றான். எழுதிக் கொடுத்தார். தங்கள் ஆசிரியரின் உழைப்பை அப்போதுதான் கண்ணாரக் கண்டேன். வினைச்சொல்லுக்கு அடியில் கோடு போட்டு, நிகழ்காலம், முன்னிலை ஒருமை என்று பிழையில்லாமல் சொன்னான். பெரியவர் கேட்டது, "டீ குடிக்கிறாயா?" என்று. கடைசிவரை டீ வரவில்லை.

எத்தனை மார்க் என்று அவர் அடுத்துக் கேட்டதைத் தமிழில் கேட்டதால் தப்பித்தோம். ஆனாலும் பதிலைப் பிரெஞ்சில் சொல்லச் சொல்லிவிட்டார். அந்த மொழியில் 97 என்பது நாலு இருபது, அதோடு பத்து, அதோடு ஏழாம். பையன் நாலு வரைக்கும் போனான். பிளெக்ஸில் எண்ணால் அச்சிட்ட தங்கள் முன்யோசனைக்குத் தனியே ஒரு நன்றி.

ஒரே ஒரு சின்னச் சந்தேகம். பையன் இன்ஜினியரிங் போகிறான். கட் ஆஃப் போடும்போது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-ஐ நிரப்பிவிட்டார்கள். பிரெஞ்சு 97-ஐ எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பிரவுசிங் சென்டர் தம்பிக்கும் தெரியவில்லை. பிளெக்ஸுக்குத்தான் என்றால் சரி, ஃபீஸில் ஏற்கெனவே கட்டிவிட்டோம்.

இப்போது எழுதுவதற்கு முக்கியக் காரணம் என் மகள். வருகிற ஜூனில் தங்களிடமே பிளஸ் ஒன் சேர்கிறாள். தமிழ்தான் எடுப்பேன் என்று அடம்பிடிக்கிறாள். பத்தாம் வகுப்பில் தமிழில் 78தான். ஏன் என்று கேட்டால், பிடித்திருக்கிறதாம். தாங்கள் அறைக்குக் கூப்பிட்டு நாலு வார்த்தை கண்டித்துச் சொல்ல வேண்டும். தமிழிலேயே சொல்லலாம். புரிந்துகொள்வாள்.

இப்படிக்கு,
தங்கள் பிளெக்ஸில் இருக்கும் மாணவனின் தகப்பன்