வாயுள்ள மாடு

எங்கள் ஆபீஸில் திமிங்கிலத்தை அவிழ்த்துவிட்டு மாட்டைக் கட்டியதற்குக் காரணம் துட்டுதான். உயர்ந்த தத்துவம் எதுவும் இல்லை.

திமிங்கிலம் என்பது டாக்கர். முதுகில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நீந்தும் நீலத் திமிங்கிலம் அதன் சின்னம். நிரல் எழுதுகிறவர்களிடையே ஒரு காலத்தில் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். "என் மெஷின்ல ஓடுதே!" என்பான் ஒருவன். "என் மெஷின்ல ஓடலையே!" என்பான் இன்னொருவன். நிரலையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையும் ஒரே பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டால் எங்கே இறக்கினாலும் ஓடும் என்று 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் பைகான் மாநாட்டில் ஐந்து நிமிடம் பேசினார். அந்த ஐந்து நிமிடத்தின் புண்ணியத்தில்தான் பழவேற்காடு ஏரிப் பக்கம் பசியாவரத்தில் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

அந்தப் பெட்டிக்குப் பெயர் கன்டெய்னர். மேக்கிலும் விண்டோஸிலும் கன்டெய்னர்களை ஓட்ட 'டாக்கர் டெஸ்க்டாப்' என்று ஒரு செயலி உண்டு. 250 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்களும், ஆண்டு வரவு ஒரு கோடி டாலரைத் தொட்ட நிறுவனங்களும் இனிமேல் அதற்குச் சந்தா கட்ட வேண்டும் என்று 2021 ஆகஸ்ட் 31 அன்று அறிவிப்பு வந்தது. நியாயமான அறிவிப்புதான். உழைத்தவன் கூலி கேட்கிறான். ஆனால் எங்கள் மேனேஜருக்குக் கூட்டல் கணக்கு நன்றாக வரும். சில மாதங்களில், 2022 ஜனவரியில், சூசே நிறுவனத்தின் 'ரான்ச்சர் டெஸ்க்டாப்' 1.0 பதிப்பு வந்தது. திறமூலம். சல்லிக்காசு கேட்கவில்லை. அதன் சின்னம் மாடு.

இதை வீட்டில் சொன்னபோது, வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த மாமா தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "ஏண்டா மாப்ள, கடல்ல ஓட்ற பொட்டிக்கு மாடு எதுக்குடா?"

மாமாவின் கேள்வி எப்போதும் இப்படித்தான், பதில் சொல்ல முடியாத இடத்தில் வந்து நிற்கும். யோசித்துப் பார்த்தால் என் தொழிலில் எல்லாமே கடல் சமாச்சாரம். டாக்கர் என்பவர் துறைமுகக் கூலி. கன்டெய்னர்களைக் கூட்டமாக மேய்க்கும் மென்பொருள் குபர்னெட்டிஸ்; கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவன் என்று அர்த்தமாம், சின்னமும் ஏழு கம்பி வைத்த சுக்கான் சக்கரம். அதற்குத் துணையாக 'ஹெல்ம்', அதுவும் சுக்கான்தான். பெட்டிகளைச் சேமித்துவைக்க 'ஹார்பர்'. குபர்னெட்டிஸுக்குக் கட்டளை கொடுக்கும் கருவியைச் சிலர் 'கியூப் கட்டில்' என்று உச்சரிப்பார்கள், கட்டில் ஃபிஷ் மாதிரி, அதாவது கணவாய். இவ்வளவையும் நான் வரிசையாக எடுத்துச் சொன்னேன். இந்தப் பேரெல்லாம் வைத்தவர்களில் எத்தனை பேர் வாந்தி எடுக்காமல் முகத்துவாரம் தாண்டுவார்கள் என்று மாமா விசாரித்தார்.

எங்கள் பக்கத்தில் கன்டெய்னர் என்றால் வேறு பொருள். தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் மலைமலையாக அடுக்கிவைத்திருப்பார்களே, அது. மீஞ்சூர் சாலையில் நம் பைக்கை ஓரங்கட்டிவிட்டுப் போகுமே, அது. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதன் பிறகு உலகத் துறைமுகங்களில் மூட்டை தூக்கியவர்கள் கூட்டங்கூட்டமாக வேலை இழந்தார்கள். கன்டெய்னர் யாருடைய சோற்றில் மண் போட்டதோ அவர் பெயரையே கன்டெய்னர் மென்பொருளுக்கு வைத்திருக்கிறார்கள். திருட்டுப் போன வீட்டுக்காரர் பெயரைப் பூட்டுக்கு வைத்தாலாவது ஒரு நியாயம் இருக்கும்.

ஆகவே, "நான் கன்டெய்னர்ல வேலை பார்க்கிறேன்" என்று ஊரில் சொன்னால் மரியாதையாகத்தான் பார்ப்பார்கள். "டிரைவரா, கிளீனரா?" என்பதுதான் அடுத்த கேள்வி.

சரி, மாட்டுக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு விஷயம்: கன்டெய்னர் என்பது உண்மையில் பெட்டியே இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் காட்டும் ஒரு கண்கட்டு. ஒரே கணினியில் ஓடும் நிரல்களை ஒன்றின் கண்ணில் இன்னொன்று படாதபடி அது பிரித்துவைக்கிறது. இன்னார்க்கு இவ்வளவுதான் நினைவகம், இவ்வளவுதான் பிராசஸர் என்று கணக்கு வைக்கிறது. இந்தக் கணக்குப்பிள்ளையின் பெயர் சி-குரூப்ஸ். கூகுள் பொறியாளர்கள் 2006இல் எழுத ஆரம்பித்தார்கள்; 2008இல் அது கெர்னலுக்குள் சேர்ந்தது.

பழவேற்காட்டுக்காரனுக்கு இது புரிய ஆறு மாசப் பயிற்சி வகுப்பு வேண்டாம். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் கொட்டும் இடம் ஒருவனுக்கே பட்டாவாகிவிட முடியாது. இன்று அங்கே கட்டியவன் அடுத்த முறை வேறு இடத்துக்குப் போக வேண்டும். அடுத்தவன் பாட்டில் கை வைத்தால் பஞ்சாயத்தில் அபராதம். கெர்னலுக்குள் நடப்பதும் இதுதான். தன் பாட்டுக்கு மேல் நினைவகம் தின்னும் கன்டெய்னரைக் கெர்னல் கொன்றே போட்டுவிடும். எங்கள் பஞ்சாயத்து அவ்வளவு தூரம் போகாது. பாடே இல்லாத குடும்பங்கள் ஏரியைச் சுற்றி நிறைய இருக்கின்றன. அது பெரிய வழக்கு, சி-குரூப்ஸில் அதற்குத் தீர்வு இல்லை.

மேக்கில் லினக்ஸ் கெர்னல் கிடையாது. அதனால் ரான்ச்சர் டெஸ்க்டாப், லீமா என்ற கருவியைக் கொண்டு மேக்குக்குள்ளேயே ஒரு குட்டி லினக்ஸ் கணினியை எழுப்பி, அதற்குள் கன்டெய்னர்களை ஓட்டுகிறது. வீட்டுக்குள் வீடு கட்டினால் இடம் அடைக்கத்தானே செய்யும்? சென்னை ஆபீஸில் என் மேசைக்கடியில் இருக்கும் மேக்குக்கு மொத்த நினைவகமே 8 ஜிபி.

அந்த மேக்கை நான் பசியாவரத்திலிருந்து மேய்க்க வேண்டியிருந்தது. ஐப்பசி மழை. ஏரியும் தெருவும் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தினால் மட்டும் போனுக்குச் சிக்னல் ஒரு கோடு வரும். மேக்கின் திரையை என் திரைக்கு இழுத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஆனால் திரை என்பது படம், படம் கனமானது. மாட்டின் ஒரு கொம்பு வந்து சேர்ந்தது. அம்மா கீழே மீன் குழம்பு தாளித்து இறக்கிவிட்டாள். இரண்டாவது கொம்பு வரவில்லை. 'அமைப்புகள்' என்ற பொத்தானை அமுக்கினேன். அது அமுங்கியது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது அதற்குத் தெரியாது.

அப்போதுதான் மாட்டுக்கு வாய் இருப்பது நினைவுக்கு வந்தது. ரான்ச்சர் டெஸ்க்டாப்போடு கூடவே 'ஆர்டிசிடிஎல்' என்று ஒரு கட்டளைக் கருவி வருகிறது. சன்னலைத் திறக்காமல், சுட்டியைத் தொடாமல், டெர்மினலில் எழுத்தால் சொன்னால் கேட்கும். எஸ்எஸ்எச் வழியாக மேக்குக்குள் நுழைந்துவிட்டால் போதும். எழுத்துக்கு எடையே இல்லை. அந்த ஒரு கோட்டிலேயே ஊர்ந்து போய்விடும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயுள்ள மாடும் பிழைக்கும் என்று நான் மொட்டைமாடியில் கண்டுகொண்டேன்.

'ஆர்டிசிடிஎல் ஸ்டார்ட்' என்றால் எழுந்திருக்கும். 'ஷட்டவுன்' என்றால் படுத்துவிடும். எழுந்தவுடனே பேச்சுக் கொடுக்கக் கூடாது. உள்ளே 6107 என்ற போர்ட்டைத் திறந்துவைத்த பிறகுதான் அதற்குக் காது கேட்கும். அதற்கு முன்னால் எதைக் கேட்டாலும் பிழைச்செய்திதான் வரும். காபி குடிக்காத மேனேஜரிடம் பழகியவர்களுக்கு இது சிரமமாக இருக்காது. 'லிஸ்ட்-செட்டிங்ஸ்' என்று கேட்டால் தன் ஜாதகம் முழுவதையும் அடைப்புக்குறிகளுக்குள் போட்டு ஒப்பித்துவிடும். அதில் பார்த்தேன்: யாரும் கேட்காமல் குபர்னெட்டிஸ் ஓடிக்கொண்டிருந்தது. சுக்கான் பிடிக்க ஆள் வேண்டாத வேலைக்குச் சம்பளம், சாப்பாடு போட்டு ஒருவரை உட்காரவைத்த கதை. 'ஆர்டிசிடிஎல் செட்', அதற்குப் பின்னால் இரட்டைக் கோடு, குபர்னெட்டிஸ் எனேபிள்டு சமம் ஃபால்ஸ். அதே மூச்சில் உள்ளிருக்கும் லினக்ஸுக்கு நினைவகம் 3 ஜிபி என்று பாடு பிரித்தேன். எஞ்சினாக 'கன்டெய்னர்டி', 'மோபி' என்று இரண்டு உண்டு; பழக்கதோஷத்தில் மோபியையே வைத்துக்கொண்டேன். மோபி வேறு யாருமில்லை, டாக்கரின் உள்ளே இருப்பதுதான். ஆக, மாட்டின் வயிற்றுக்குள் திமிங்கிலம்.

அமைப்புகளை மாற்றுகிறேன், கொஞ்சம் நேரமாகலாம் என்று பதில் வந்தது. நேரமாகும் என்று முன்கூட்டியே சொல்லும் நாகரிகம் எந்த அரசு அலுவலகக் கவுன்டரிலும் நான் பார்க்காதது. நம்பிக்கையில்லாமல் அதே கட்டளையை மறுபடி அடித்தேன். "மாற்றம் எதுவும் தேவையில்லை" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரி. கேட்டது ஏற்கெனவே அப்படியே இருக்கிறது, உன் வேலையைப் பார் என்கிறது. இந்த வரிக்காகவே அதற்கு ஒரு மாட்டுப்பொங்கல் வைக்கலாம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு நீட்ட ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள்; எங்கள் ஊர்கள் அதை எதிர்த்துப் பல வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகின்றன. அந்தக் கோப்பை இந்த மாட்டிடம் ஒரு தடவை கொடுத்துப் பார்க்க எனக்கு ஆசை.

மோபியில் ஒரு விளையாட்டு இருக்கிறது. கன்டெய்னருக்கு நாம் பெயர் வைக்காவிட்டால் அதுவே வைத்துக்கொள்ளும்: முன்னால் ஒரு குணச்சொல், பின்னால் ஒரு மேதையின் பெயர். 'போரிங்' என்ற சொல்லும் 'வோஸ்னியாக்' என்ற பெயரும் மட்டும் சேர்ந்து வராது. ஸ்டீவ் வோஸ்னியாக் போரடிக்கிற ஆள் இல்லை என்று காரணம் எழுதி நிரலிலேயே தடுத்திருக்கிறார்கள். அந்தச் சலுகை நம்மவர்களுக்குக் கிடையாது. ராமன், ராமானுஜன், சந்திரசேகர், கலாம் எல்லாரும் பட்டியலில் இருக்கிறார்கள். யாருக்கு என்ன அடைமொழி வாய்க்கும் என்பது அவரவர் தலையெழுத்து. அன்றைக்கு என்னிடம் இருந்தவை 'ஹங்ரி_கலாம்', 'ஸ்லீப்பி_ராமானுஜன்'. ஒருவர் பசியோடு, இன்னொருவர் தூக்கத்தில்.

இதில் தர்மசங்கடம் என்னவென்றால், எங்கள் மொட்டைமாடியிலிருந்து வடக்கே பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டா திசை. அங்கேதான் எஸ்எல்வி-3 ராக்கெட் திட்டத்தின் இயக்குநராகக் கலாம் பாடுபட்டார். 1979 ஆகஸ்டில் ஏவியது வங்கக்கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று ஏவியது ரோகிணி செயற்கைக்கோளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ராக்கெட் கிளம்பினால் ஊரே தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கும். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நினைவகத்தை விழுங்கிக்கொண்டிருந்த கன்டெய்னரை நிறுத்த 'டாக்கர் கில் ஹங்ரி_கலாம்' என்று அடிக்கக் கை வரவில்லை. அடித்தேன். என்ன ஆச்சு என்று போனில் சக ஊழியன் கேட்டான். நானும் மழைச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னேன்: "கலாமைக் கொன்னாச்சு! ராமானுஜனையும் முடிச்சுடவா?"

மாடிப்படியில் காபியோடு வந்த அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மாமாதான் காபியைக் கொண்டுவந்தார். விசாரணைக்கு அனுப்பப்பட்டிருந்தார் என்று முகமே சொன்னது. கறுப்புத் திரையையும் அதில் ஓடிய எழுத்துகளையும் பார்த்தார்.

"இன்னா மாப்ள இது? பொம்மை கிம்மை ஒண்ணும் காணோம்."

"மாட்டுகிட்ட பேசறேன் மாமா. எழுதிக் கேட்டா பதில் சொல்லும்."

"எது கேட்டாலுமா?"

"அது சம்பந்தப்பட்டது எது கேட்டாலும்."

மாமா தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து யோசித்தார். "அப்ப ஒண்ணு கேளு. நாளைக்கு ராக்கெட் வுடறானுங்களா, இல்ல மழைக்குத் தள்ளிப்போட்டானுங்களா? வுட்டா கடலுக்குப் போவக்கூடாதுன்னு தடுப்பானுங்க. டீசல் வாங்கணுமா வேணாமான்னு தெரியணும்."

அது செட்டிங்ஸ் பட்டியலில் வராது என்று விளக்க ஆரம்பித்தேன். லோக்கல்ஹோஸ்ட், போர்ட், லீமா என்று நான் பாதி தூரம் போவதற்குள் மாமா கைப்பிடிச்சுவருக்குப் போய், கீழே படகு இறைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் கையைக் குவித்து ஒரு சத்தம் கொடுத்தார். அவர் தெருமுனைக்குச் சத்தம் கொடுத்தார். தெருமுனை யாருக்கு என்ன சொன்னதோ தெரியாது. மழையைத் தாண்டி அதே வழியில் பதில் திரும்பி வந்தது.

"தள்ளி வெச்சுட்டானுங்களாம்," என்றார் மாமா. "நீ உன் மாட்ட விசாரிச்சு முடி. நான் டீசலுக்குப் போறேன்."