ஆயிரத்துக்கு ஐந்து

புத்தகத் திருட்டைத் திருட்டில் சேர்க்கக் கூடாது, அது அறிவுத் தாகம் என்று சாதிக்கிற கூட்டம் ஒன்று நம்மிடையே உண்டு. வீட்டில் ஒரு செம்பு காணாமல் போனாலும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிற மனிதர்தான், கிளை நூலகத்தில் சுருட்டிய தொகுப்பைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். முத்திரையுள்ள முதல் பக்கத்தைக் கிழித்தாயிற்று. உள்ளே இன்னொரு பக்கத்திலும் நூலகர் ஊதா மையில் குத்தி வைத்திருப்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் அதுவரைக்கும் படித்திருக்க வேண்டுமே!

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் கனவான் இன்னும் நாசூக்கானவர். வேண்டிய பக்கங்களை மட்டும் பிளேடால் நறுக்கிக்கொண்டு, அட்டையைப் பொதுமக்களுக்கு விட்டுச் செல்வார். நாளைக்கு இவர்தான் ஊழலை ஒழிக்கப் போகிற அதிகாரி.

அரசாங்கத்துக்கோ தாராள மனசு. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், வாசகர் கைக்குப் போகும் 1,000 நூல்களுக்கு ஆண்டுக்கு 5 தொலைவதை நியாயமான இழப்பு என்று ஒப்புக்கொள்கின்றன. ஒரே நிபந்தனை: நேர்மைக்கேடோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. அதாவது, புத்தகம் தானே எழுந்து நடந்து போயிருக்க வேண்டும். விலை 1,000 ரூபாயைத் தாண்டினால் விசாரணை கட்டாயம். விசாரணைக்கும் சம்பளப் பிடித்தத்துக்கும் பயந்த நூலகர் என்ன செய்வார்? நல்ல புத்தகங்களைப் பீரோவில் பூட்டிவிடுவார். வாசகரே அலமாரியில் தேடி எடுக்கட்டும் என்று வாதாடிய எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த மண் இது. திருடியவன் வீட்டில் புத்தகம். திருடாதவன் கண்ணுக்கு எட்டுவது பூட்டு.

சாவி வைத்திருப்பவர் மட்டும் யோக்கியரா? நேப்பிள்ஸ் நகரின் ஜிரோலாமினி நூலகத்திலிருந்து ஆயிரக்கணக்கான அரிய நூல்களைக் கடத்தியதாக 2012இல் கைதானவர் அதன் இயக்குநர் தெ காரோ. 19ஆம் நூற்றாண்டு பிரான்சில், பொது நூலகச் சுவடிகளுக்குப் பட்டியல் போட அமைத்த குழுவின் செயலாளர் லிப்ரி, பட்டியல் போடுகிற சாக்கில் மூட்டை கட்டினார்.

நம்மூரில் அவ்வளவு மெனக்கெட வேண்டாம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியையும் நம்மிடம் ஒரு காசு விடாமல் வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய உள்ளாட்சிகள் அதை நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்காமல் கோடிக்கணக்கில் பாக்கி வைப்பது செய்தித்தாள்களில் அலுத்துப்போன சங்கதி. அந்தப் பணத்தில் வந்திருக்க வேண்டிய புத்தகங்களுக்கு முத்திரை கிடையாது, பதிவேட்டில் எண் கிடையாது. ஆகவே எந்த இருப்புச் சரிபார்ப்பிலும் அவை தொலைந்ததாகத் தெரியாது. அலமாரிக்கு வரும் முன்பே திருடிவிட்டால் ஆயிரத்துக்கு ஐந்து என்ற வரம்புகூடக் கிடையாது!

ஊர்ப்புற நூலகத்துக்கு வரும் பள்ளிக்கூடப் பையனிடம் மட்டும் பையை உதறிக் காட்டச் சொல்கிறோம். ‘பைகளை வெளியே வைக்கவும்’ என்ற பலகையைக் கழற்றி, மாநகராட்சி, நகராட்சி அலுவலக வாசலில் மாட்டுங்கள். அங்கேதான் பை பெரிது.