குதிரைக்கு நம்பர் பிளேட் இல்லை

நான் ஒரு குற்றவாளி என்பது, மச்சினனுக்கு பைக்கை விற்கப் போன அன்றுதான் எனக்கே தெரிந்தது. போடியில் புரோக்கர் வண்டி நம்பரைத் தட்டினார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார், மொய் வாசிக்கிற குரலில் சொன்னார்: "ஹெல்மெட் மூணு, நோ பார்க்கிங் ஒண்ணு. மொத்தம் மூவாயிரத்து ஐநூறு நிக்குதுண்ணே."

"எனக்கு நோட்டீஸே வரலையே?"

"வந்திருக்கு. மதுரைக்கு."

மதுரையில் நான் குடியிருந்தது மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. பைக் வாங்கியது அங்கேதான், ஆர்.சி.யில் ஏறிய முகவரியும் அதுதான். அதைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊரான குரங்கணிக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் விற்றார், வாங்கியவர் இடித்தார், இப்போது அங்கே செல்போன் கடை நிற்கிறது. இல்லாத வீட்டின் இல்லாத கதவிடுக்கில், அங்கே இல்லாத எனக்கு, அரசாங்கம் நான்கு முறை கடிதம் போட்டிருக்கிறது. கட்டிக்கொடுத்த அக்காகூட எனக்கு இத்தனை எழுதியதில்லை.

தப்பு என்னுடையதும்தான், மறைக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 49ஆம் பிரிவு, வீடு மாறினால் 30 நாளைக்குள் சொல்லச் சொல்கிறது. அதற்கென்று படிவம் 33 இருக்கிறது. ஹெல்மெட் மூன்றில் இரண்டு நான் செய்ததுதான். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அந்த அபராதம் நூறிலிருந்து ஆயிரமான செய்தியைப் படித்த பிறகும் மண்டையைக் காட்டிக்கொண்டு போனவன் நான். அந்த இரண்டாயிரத்தைக் கட்டுகிறேன். மூன்றாவதில்தான் சிக்கல். படத்தில் இருப்பது ஸ்கூட்டர், ஓட்டுவது ஓர் அம்மா, காலடியில் காய்கறிப் பை. கடைசி எண் மூன்றா எட்டா என்று கேமராவுக்கே குழப்பம். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு என்பதெல்லாம் கோர்ட்டோடு சரி. கேமராவில் அது கைக்கு அகப்பட்டவன் தலையில்.

ஆட்சேபம் சொல்லலாமாம். இணையதளத்தில் வழி இருக்கிறது. ஓ.டி.பி. வரும், போட்டால் கதவு திறக்கும். வருகிறது, எனக்கல்ல. வண்டி வாங்கிய அன்று ஷோரூமில் ஒரு பையன் அவசரத்துக்குத் தன் செல் நம்பரையே போட்டுவிட்டிருக்கிறான். இத்தனை வருடமாக என் பாவக்கணக்கு அவனுக்குக் குறுஞ்செய்தியாகப் போய்க்கொண்டிருக்கிறது. நம்பரை மாற்றலாமா? மாற்றலாம், முகவரி சரியாக இருந்தால். முகவரியை மாற்றலாமா? மாற்றலாம், அபராதம் நிலுவை இல்லாவிட்டால். அபராதத்தை எதிர்க்கலாமா? எதிர்க்கலாம், நம்பர் இருந்தால். செக்குமாடு சுற்றினால் எண்ணெயாவது வரும்.

ஆபீசில் ஒருவரிடம் கேட்டேன். "சார், லெட்டரே என் கைக்கு வரலையே?" அவர் நிமிரவில்லை. "அனுப்பியாச்சுன்னா சேர்ந்ததா கருதப்படும் சார்."

பாவம், அது அவர் சொந்தச் சரக்கல்ல. விக்டோரியா ராணி உயிரோடிருந்தபோது, 1897இல் எழுதிய ஜெனரல் கிளாசஸ் ஆக்ட், 27ஆம் பிரிவு. சரியான முகவரி எழுதி, செலவைக் கட்டி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டால், இல்லை என்று நீ நிரூபிக்கும் வரை, அது உன்னிடம் வந்து சேர்ந்ததாகவே கொள்ளப்படும். சரியான முகவரி எது? அவர்கள் ஏட்டில் இருப்பது. பதிவுத் தபால் எங்கே? 2025இல் அது விரைவுத் தபாலில் கரைந்துபோனது. எனக்குப் போட்டது பதிவுத் தபாலா, சாதாத் தபாலா என்று கேட்டேன். அதுவும் கருதப்படுமாம். ராணி போனார், ராஜ்ஜியம் போனது, பதிவுத் தபாலும் போனது. "கருதப்படும்" மட்டும் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறது.

2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 167ஏ என்று ஒரு விதியைச் சேர்த்தது. கேமரா பிடித்த குற்றத்துக்கு 15 நாளைக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்; கேமரா இருக்கிற சாலையில் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். நல்ல விதி. இந்தக் கெடு தவறினால், பலகை இல்லாவிட்டால், அரசாங்கம் எனக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று தேடினேன். தாளைத் திருப்பியும் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை.

இத்தனைக்கும் இந்த அரசாங்கத்துக்கு என் வீடு தெரியாதா? ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் நான் குரங்கணிக்காரன் என்று அதற்குத் தெரிகிறது. ஆதாரில் இந்த முகவரி. வாக்காளர் அட்டையில் இந்த முகவரி. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் என்று படிவத்தோடு இதே திண்ணைக்கு ஆள் வந்தது. ஓட்டுக்கு வீடு தெரியும், அரிசிக்கு வீடு தெரியும். அபராதத்துக்கு மட்டும் மதுரையில் இடிந்த வீடு. எனக்குத் தெரியாமல் கணக்கு ஏறிக்கொண்டிருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை பாருங்கள்.

திருடர்கள் இதில் எவ்வளவோ மேல். "உங்கள் வண்டிக்கு அபராதம், இந்தச் செயலியைத் திறந்து பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, தொட்டால் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் அந்த மோசடி, அது எனக்கு மூன்று முறை வந்தது. என் இப்போதைய நம்பருக்கு. திருடனிடம் இருக்கிற விவரம் சர்க்காரிடம் இல்லை.

சரி, நான் ஒற்றை ஆள். ஜீப்காரர்கள் கதையைக் கேளுங்கள். போடிக்குச் சோறு போடுவது பாதிக்கு மேல் கேரள மண். விடியுமுன்னே பெண்களை அடைத்துக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறைக்கும் சாந்தம்பாறைக்கும் உடும்பன்சோலைக்கும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஜீப்புகள் அவை. 2023 ஜூன் 5 முதல் கேரளம் 726 கேமராக்களை வைத்து அபராதம் போட ஆரம்பித்தது. தமிழ்நாட்டுக் கணக்கு ஒரு பக்கம், கேரளக் கணக்கு மறுபக்கம். இரண்டும் தேடிப் போவது ஆர்.சி.யில் உள்ள பழைய முகவரியை. ஜீப் மூன்று கை மாறியிருக்கும், ஆர்.சி. முதல் ஆளின் பெயரிலேயே தூங்கும். கேமராவுக்கு முன்சீட்டு பெல்ட் பளிச்சென்று தெரிகிறது. பின்னால் மடியில் மடியாக உட்கார்ந்து, ஒரு காலை வெளியே தொங்கவிட்டுப் போகிற பெண்களுக்கு, அந்த நேரத்துக்கு ஒரு பஸ் விட்டால் என்ன என்கிற கேள்வி தெரிகிற மாதிரி லென்ஸ் இன்னும் வரவில்லை. கட்டப்போகிற அபராதம் கடைசியில் யார் கூலியில் கழியும் என்று சொல்லவா வேண்டும்?

இலாகாவே இலாகாவுக்கு அபராதம் போட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். அதே 2023 ஜூனில், வயநாட்டில் மின்வாரிய வேலைக்குப் போன ஜீப்பின் கூரையில் தொரட்டி நீட்டிக்கொண்டிருந்தது என்று மோட்டார் வாகனத் துறை 20,500 ரூபாய் தீட்டியது. மின்வாரியம் தபாலுக்காகக் காத்திருக்கவில்லை. கல்பற்றாவில் அந்தத் துறையின் அலுவலகம் கரண்ட் பில் பாக்கி வைத்திருந்ததைக் கண்டுபிடித்து ஃபியூஸைப் பிடுங்கியது. 2024 மே மாதம் நாங்குநேரியில் அரசுப் பேருந்தில் ஒரு போலீஸ்காரர் டிக்கெட் எடுக்க மறுத்த வீடியோ பரவியது. உடனே தமிழ்நாட்டுச் சாலையெல்லாம் போலீசுக்குக் கண் திறந்து, அரசுப் பேருந்துகளுக்கு நோ பார்க்கிங், சீட் பெல்ட் என்று அபராதம் பொழிந்தது. பிறகு இரண்டு துறைச் செயலாளர்கள் பேசினார்கள், நடத்துநரும் போலீஸ்காரரும் கட்டித் தழுவி ஒரு வீடியோ வந்தது, எல்லாம் சுபம். என்னைக் கட்டித் தழுவ எந்தச் செயலாளர் வருவார்? பிடுங்க என்னிடம் ஃபியூஸும் இல்லை.

பெங்களூரில் பிறந்திருக்கலாம். அங்கே 2025இல் முதலமைச்சர் சித்தராமையாவின் அரசுக் காருக்கே ஏழு அபராதம் நிலுவை, பெரும்பாலும் சீட் பெல்ட். அரசு 50 சதவீதத் தள்ளுபடி அறிவித்தது, அவர் காருக்கும் அந்தத் தள்ளுபடியில் கட்டினார்கள். தெலங்கானா 2022இல் இருசக்கர வண்டிகளுக்கு 75 சதவீதம் தள்ளியது. உயிரைக் காக்கும் சட்டம் ஆடித் தள்ளுபடிக்கு வந்துவிட்டது. ஜவுளிக்கடைக்காரர்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

இந்த மூவாயிரத்து ஐநூறைச் சுமந்துகொண்டு அன்று மாலை போடியிலிருந்து 16 கிலோமீட்டர் ஏறி ஊருக்கு வந்தேன். குரங்கணி பஸ் நிற்கிற இடத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்கு மேல் மலையிலிருக்கிற சென்ட்ரலுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் அரிசி மூட்டையும் சிலிண்டரும் குதிரையில்தான் ஏறும். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் குதிரை முதுகில்தான். இயந்திரம் வருகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். நோயாளி ஒருவரையும் அந்த வேகத்தில் இறக்கியதில்லை.

டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டம், போடி தாலுகா. அங்கே இருக்கிறவர் தன் சொந்தத் தாலுகா ஆபீசுக்கு வண்டியில் வர வேண்டுமானால் கேரளத்துக்குள் போய், மூணாறு சுற்றி, பூப்பாறை தாண்டி, போடிமெட்டு வழியாகத் திரும்பத் தமிழ்நாட்டுக்குள் நுழைய வேண்டும். தன் ஊரிலிருந்து தன் ஊருக்கு வர அந்நிய மாநிலக் கேமராக்களுக்கு முகம் காட்டியாக வேண்டும். வெள்ளைக்காரனுக்கு இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. மூணாறில் பறித்த தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயிலில் கொண்டுவந்து, அங்கிருந்து கொட்டகுடிக்கு ரோப் கார் கம்பியில் இறக்கினான். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துக்கொண்டு போனது. நூறு வருடம் முன்பு தேயிலைப் பெட்டிக்குக் கிடைத்த வழி இன்று பிள்ளைத்தாய்ச்சிக்கு இல்லை. தேயிலைக்கு லண்டனில் முகவரி இருந்தது.

2018 மார்ச் 11ஐ இந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கொழுக்குமலைச் சரிவில் தீ. மலையேறப் போனவர்களில் 23 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அடிவாரத்தில் பணம் வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்திருந்தார்கள், டாப் ஸ்டேஷன் போக. சீட்டோடு அரசாங்கத்தின் வேலை முடிந்தது. யார் எந்தச் சரிவில் ஏறுகிறார்கள், எங்கே புல் காய்ந்து கிடக்கிறது என்று பார்க்க அங்கே கேமரா இல்லை. முதலில் ஓடி ஏறியவர்கள் ஊர் ஆட்களும் தோட்டத் தொழிலாளிகளும். கருகிய உடம்புகளைப் போர்வையில் டோலி கட்டி, இருட்டில், கால் வழுக்க வழுக்க இறக்கினார்கள். பிறகு ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது, அறிக்கை எழுதப்பட்டது. அது உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது.

டீக்கடையில் குதிரைக்காரத் தம்பி உட்கார்ந்திருந்தான். சென்ட்ரலுக்கு மறுநாள் ஏற்ற வேண்டிய மூட்டைகள் பக்கத்தில். என் கதையைச் சொன்னேன். நாலு அபராதம் என்றதும் வாயைப் பிளந்தான். அவனுக்கு இதுவரை ஒன்றுகூட வந்ததில்லை; குதிரைக்கு நம்பர் பிளேட் இல்லை.

"ஏண்ணே, எங்க ஊருக்கு ரோடு இருந்தா எங்களுக்கும் இந்த மாதிரி வருமா?"

"வரும்டா. ஹெல்மெட்டுக்கே ஆயிரம்."

அவன் டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் மேலே மலையைப் பார்த்தான். மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழிக்கிற முகம்.

"அப்ப மொதல்ல கேமராவ வைக்கச் சொல்லுங்கண்ணே. அதுக்காகவாச்சும் ரோடு போட்ருவாய்ங்க."