வெடச்ச காதும் வடிஞ்ச காதும்

ஏல மக்கா, இங்கன வா. அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வையி. தூத்துக்குடியில சம்பாதிச்ச காசுல காதைத் தைச்சுக்கிடப் போறியாமே, ஒங்க அம்மா சொன்னா. நல்ல காரியம்லா! ஒரு வெளை வாங்கலாம், ஒரு போர் போடலாம். அதையெல்லாம் விட்டுட்டுக் காதுல முதல் போடுத புத்தி எத்தனை பேருக்கு வரும்?

பொண்ணு வீட்டுக்குப் போட்டோ அனுப்புன நாள்ல இருந்து ஒனக்கு இந்த ரோசம். ஆளுக்கு முன்னாடி காது வந்து நிக்குதுங்கிற. வாத்தியார் திருகித் திருகி வெடச்சுப் போச்சுன்னு வேற பழி. 1842ல இந்த ஊருக்கு வந்து பள்ளிக்கூடம் நடத்துன போப்பையரே பிரம்புக்குப் பேர்போனவர். திருகு வாங்குன காதெல்லாம் வெடைக்கும்னா சாயர்புரத்துல ஒருத்தனுக்கும் தொப்பி நிக்காது. ஒனக்கு அது பொறப்புல வந்தது. காதோட உள்மடிப்பு சரியா விழாமப் போனாலோ, நடுக்குழி பெருசாப் போனாலோ காது தலையை விட்டு வெலகித்தான் நிக்கும். பொறந்த கொஞ்ச வாரத்துக்குள்ள காட்டியிருந்தா, தாய்கிட்ட இருந்து வந்த ஈஸ்ட்ரோஜனால குருத்தெலும்பு இளகிக் கெடக்குத நேரம், அச்சு வச்சு ஒட்டியே வழிக்குக் கொண்டாந்திருப்பாவ. அஞ்சாறு வயசுலயே காது முக்காலே மூணு வீசம் வளந்துரும். அதுக்குப் பொறவு கத்திதான்.

வெக்கப்படாத. நம்ம சீமையில காது எந்தக் காலத்துலயும் சரியா இருந்ததில்ல. எங்க பாட்டிக்குச் சின்னப் புள்ளையில காதைக் குத்தி, பஞ்சைத் திணிச்சுத் துளையைப் பெருசாக்கி, பொறவு ஈயக் குணுக்கை மாட்டி, தோளைத் தொடுத மட்டும் இழுத்து விட்டாவ. அதுல பாம்படம், தண்டட்டி, முடிச்சுன்னு தொங்கும். உள்ள அரக்கு, மேல தங்கத் தகடு. அவ தலையை ஆட்டுனா ரெண்டு பக்கமும் ஊஞ்சல் ஆடும். அன்னைக்கு நீளக் காதுதான் கௌரவம். குட்டைக் காதுக்காரியை மூளின்னு எளக்காரம் பேசுவாவ. சென்னை மியூசியத்துல அதிகாரியா இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906ல போட்ட புத்தகத்துல இந்தக் காது வளக்குத கதையை எழுதி வச்சிருக்காரு.

அடுத்த தலைமொறை பள்ளிக்கூடம் போச்சு. வடிஞ்ச காதைப் பாத்தா பட்டிக்காடுன்னு சிரிச்சாவ. ஒடனே அதே காதை அறுத்துத் தைச்சு, சின்னக் கம்மலைப் போட்டுக்கிட்டாவ. இழுக்கக் கூலி குடுத்த வீட்டுலயே அறுக்கவும் கூலி குடுத்தாவ. அன்னைக்கு நீளமாப் போச்சுன்னு அழுதோம், இன்னைக்கு நீ அகலமாப் போச்சுன்னு அழுத. ஒன் பேரன் எதுக்கு அழுவான்னு கர்த்தருக்குத்தான் தெரியும். இதுல கத்திக்காரன் மட்டும் ஒருநாளும் பட்டினி கெடந்ததில்ல. அந்தக் காலத்துச் சுசுருதரே காது ஒட்டுத முறை 15 வகைன்னு கணக்குச் சொல்லியிருக்காருன்னா, அறுந்த காது எம்புட்டு வந்திருக்கும் பாரு!

சரி, போறதுன்னு முடிவு பண்ணிட்ட. நான் சொல்லுதபடி செய்யி. மொதக் காரியம், கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில போ. தலையைச் சுத்திக் கட்டோட கோயில்ல ஐயர் முன்னால நின்னா, லாரியில அடிபட்ட பயன்னு பரிதாபப்பட்டு ஊர்சனம் மொய்யைக் கூட்டி வைக்கும். இல்ல, மொகம் நல்லா இருக்கணும்னு ஆசைப்பட்டா, நாலஞ்சு மாசம் முன்கூட்டியே முடிச்சுரு. வீக்கமும் நீலமும் மரமரப்பும் வடிஞ்சு, காது ஒன் காதாத் தெரிய நாளாகும்.

ரெண்டாவது, நல்ல டாக்டரைத் தேடி அலையாத. பஸ் ஸ்டாண்டு பக்கம் அழகு நிலையத்துல எவளாவது மருந்தைத் தடவிக் காதை ஒட்டுதேன்னு சொன்னா, அங்கன போய்த் தலையைக் குடு. வெந்து புண்ணாகி வந்த பொறவு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். ஓடுத செரமம் வேண்டாம்னா, மொதல்லயே பிளாஸ்டிக் சர்ஜரி படிச்ச டாக்டர்கிட்ட போ. இதுவரை எத்தனை காது தைச்சிருக்கீங்க, முன்னப் பின்ன எடுத்த படம் இருக்கான்னு கேளு. கேக்க வெக்கமா இருந்தா காதை மூடிக்கிட்டு வீட்டுல இரி.

பெரிய ஆளுக்குக் காதுல மட்டும் மரத்துப்போக ஊசி போடுவாவ. பெரும்பாலும் மயக்கம் தேவைப்படாது. காதுக்குப் பின்னால கீறி, குருத்தெலும்பை மடிச்சு, கரையாத நூல்ல உள்தையல் போட்டு நிறுத்துவாவ. ஒண்ணு, ரெண்டு மணி நேர வேலை. தழும்பு பின்பக்கம் ஒளிஞ்சுக்கிடும். பீடி, சிகரெட்டுப் பழக்கம் இருந்தா முன்கூட்டியே நிறுத்தச் சொல்லுவாவ. மூஞ்சியச் சுழிக்காத, நீ எங்கன போய் ஊதுதன்னு எனக்குத் தெரியும்.

கட்டு சில நாள்ல இருந்து ஒரு வாரம் மட்டும் இருக்கும். பொறவு சில வாரத்துக்கு ராத்திரி தலைப்பட்டை போட்டுக்கிட்டு மல்லாக்கத்தான் படுக்கணும். கழுத்து வழியா இழுத்து மாட்டுத பனியன் கூடாது, பொத்தான் வச்ச சட்டை போடு. தூத்துக்குடி ரோட்டுல ஹெல்மெட்டு இல்லாமப் போனா போலீசு பிடிக்கும், ஹெல்மெட்டை மாட்டுனா தையல் பிடிக்கும். டாக்டர் சரின்னு சொல்லுத மட்டும் பஸ்சுல போ, அந்தப் புண்ணியத்துல பெட்ரோல் காசாவது மிஞ்சும்.

வலி எல்லாருக்கும் இருக்கும். ஆனா ஒரு பக்கம் மட்டும் விண்ணு விண்ணுன்னு தெறிச்சு வலி கூடிக்கிட்டே போனா, உள்ள ரத்தம் கட்டியிருக்கும். காய்ச்சலோ சீழோ வந்தாலும் சும்மா விடக் கூடாது. விடியட்டும்னு படுத்துக் கெடக்காம அந்த நேரமே ஓடு. ஒங்க அத்தைக்குக் காது குத்துன எடத்துல கட்டி கட்டியாத் தழும்பு வளந்துச்சே, அதைக் கீலாய்டுன்னு சொல்லுதாவ. நம்மள மாதிரிக் கருத்த தோலுக்கு அது கூடுதலா வரும். இந்தக் குடும்பச் சொத்தை மறைக்காம டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லிரு.

ரெண்டு காதும் அளவெடுத்த மாதிரி ஒண்ணுபோல வரும்னு எதிர்பாக்காத; கர்த்தர் படைச்சதுலயே ரெண்டும் ஒண்ணில்ல. தையல் எளகிக் காது கொஞ்சம் பழைய குணத்துக்குத் திரும்புததும் உண்டு. அழகுக்குப் பண்ணுத காரியத்துக்குக் காப்பீட்டுக்காரன் பெரும்பாலும் காசு தரமாட்டான். அப்புறம் இன்னொண்ணு, இந்த ஆபரேஷனால காது கேக்குத சக்தி கூடவும் செய்யாது, கொறையவும் செய்யாதாம். ஒன் விசயத்துல எனக்கு அதுதான் வருத்தம்.

போற அன்னைக்கு எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு, நானும் ஒங்க ஆச்சியைக் கூட்டிட்டு வாரேன். கனத்த ஜிமிக்கி போட்டுப் போட்டு அவ காதுத்துளை நீண்டு கீழ அறுந்தே போச்சுல்லா. அதுக்கு ஊசி போட்டு, ஓரத்தைச் சீவித் தைச்சா அரைமணி நேரத்துல முடிஞ்சிரும். ஒரு வாரம், பத்து நாள்ல தையல் பிரிப்பாவ. ரெண்டு மூணு மாசம் கழிச்சுத் தழும்பை விட்டுத் தள்ளிப் புதுத் துளை போடலாம். ஆனா அவகிட்ட இப்பமே சொல்லிராத ஏல. தைக்குமுன்னயே புதுக் கம்மலுக்கு வெல கேக்கப் போயிருவா. பவுன் விக்குத வெலைக்கு, பொறவு எனக்குத்தான் ஆபரேஷன் பண்ணணும், நெஞ்சுல.