எடை நின்னுபோச்சு, சரி; எண்ணெய் நின்னுச்சாலே?

ஏலேய் பேராண்டி, மூஞ்சியை ஏன் இப்படித் தொங்கப்போட்டிருக்கே? கல்யாணம் நின்னுபோச்சா? இல்லியா? எடை நின்னுபோச்சா? அட, இதுக்கா இந்தத் துக்கம்!

90 கிலோல ஆரம்பிச்சு 82க்கு வந்தியாம். அதுக்கப்புறம் மெஷின்ல நம்பர் நகரலியாம். அதுக்கு 'பிளாட்டோ'ன்னு பேராம். பேரு வச்ச ஒடனே அது ஒரு சீக்கு ஆயிட்டுது பாத்தியா? சீக்குன்னு ஆயிட்டா மருந்து விக்கவன் வந்து நிப்பான். நின்னுட்டானே! கொழுப்பு கரைக்க ஒரு மாத்திரை, கழிவு எறக்க ஒரு பச்சைத் தண்ணி. உன் கொழுப்பு கரையுதோ இல்லியோ, உங்கப்பன் சம்பளம் நல்லாக் கரையுது.

முதல்ல ஒண்ணு கேக்கேன். எத்தனை நாளா நகரல? அஞ்சு நாளா? போலே! அஞ்சு நாளைக்கெல்லாம் ஒப்பாரி வைக்கப்படாது. நேத்து ராத்திரி கருவாட்டுக் குழம்பை ஒரு வெட்டு வெட்டுனே. உப்பு தண்ணியப் பிடிச்சு வைக்கும். முந்தாநாளு ஸ்குவாட் போட்டுத் தொடை வலிக்குன்னே. வலிக்க தசையிலயும் தண்ணி கோக்கும். கிரியாட்டின் வேற கலக்கிக் குடிக்கே. அது தன் பங்குக்கு ஒண்ணு ரெண்டு கிலோ தண்ணியச் சேத்து வைக்கும். இம்புட்டுத் தண்ணிக்குள்ள கால் கிலோ கொழுப்பு கொறஞ்சா மெஷினுக்கு எப்படிலே தெரியும்?

ஆரம்பத்துல ஒரே வாரத்துல மூணு கிலோ எறங்கிட்டேன்னு தெருவெல்லாம் தண்டோரா போட்டியே, அதுலயும் பெரும்பங்கு தண்ணிதான். சோத்தைக் கொறச்சா ஈரல்லயும் தசையிலயும் சேத்துவச்ச மாவுச்சத்து செலவாகும். அதுகூட மூணு மடங்கு தண்ணியும் வெளிய போவும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சும்மாவா சொன்னாங்க?

அரணாக்கயித்தைப் பாருலே. எடை அப்படியே நின்னு, கயிறு தளந்து எறங்குனா என்ன அர்த்தம்? கொழுப்பு போவுது, தசை வருது. புதுசா பளு தூக்குதவனுக்கு ரெண்டும் சேந்தே நடக்கும். கயிறு கட்ட வெக்கமா இருந்தா தையக்காரன் டேப்பு ஒண்ணு வாங்கிக்கோ. எடையைத் தெனம் பாத்தாலும் வாரச் சராசரியைத்தான் கணக்குல எடுக்கணும். நாலு வாரமா சராசரியும் எறங்கல, இடுப்பும் எறங்கல. அப்ப வந்து சொல்லு, நின்னுபோச்சுன்னு ஒத்துக்கிடுதேன்.

சரி, நெசமாவே நின்னுபோச்சுன்னு வச்சுக்கிடுவோம். ஏன் நிக்குது? 90 கிலோ ஒடம்பைத் தூக்கிட்டுத் திரிய ஒரு செலவு, 82 கிலோவுக்கு வேறொரு செலவு. எட்டு கிலோ எறங்குனதுல ஒரு நாளைக்குச் சுமாரா 150, 200 கலோரி செலவு தானாவே கொறஞ்சுபோவும். அது போக, ஒடம்புங்கது வரும்படி கொறஞ்ச வீட்டு ஆச்சி மாதிரி. உன்கிட்டக் கேக்காமலே ஒவ்வொரு விளக்கா அணைச்சிட்டு வரும். மாடிப்படி ஏறுதவன் லிஃப்டுக்கு நிப்பே. தெருமுனைக் கடைக்கு நடந்து போனவன் வண்டியை எடுப்பே. ஜிம்முல ஒரு மணி நேரம் முக்கி மொனங்கிட்டு மீதி நாளெல்லாம் சோபாவுல சரிஞ்சு கெடப்பே. ஆக, ஆரம்பத்துல போட்ட சோத்துக் கணக்கு இப்ப இந்த ஒடம்புக்குச் சரிக்குச் சரி. வரவும் செலவும் ஒண்ணாப்போச்சு. இதுல என்னலே மர்மம்?

'நான் கொறச்சுத்தான் திங்கேன் தாத்தா'ம்பே. எல்லாரும் அதைத்தான் சொல்லுதான். 1992ல நியூயார்க்குல இப்படித்தான் கொஞ்சப் பேரு வந்து, '1200 கலோரிக்கு மேல திங்கதில்ல, ஆனா எடை எறங்கல'ன்னு சாதிச்சாங்க. டாக்டருமாரு ஒக்காந்து அளந்து பாத்தாங்க. ஒடம்பு எரிக்க வேகத்துல ஒரு கொறையும் இல்ல. தின்னதுல கிட்டத்தட்டப் பாதி கணக்குல வரல. செஞ்ச வேலையோ ஒண்ணரை மடங்காக் கணக்குல ஏறியிருக்கு. அவங்க பொய்யரு இல்லலே. வாய்க்கு ஞாபகசக்தி கம்மி, அம்புட்டுத்தான்.

உன் எலையைப் பாப்பமா? நாலு இட்லி. 'வெறும் நாலுதான் தாத்தா.' சரி. பொடியில குழி வெட்டி நல்லெண்ணெய் ஊத்துதியே, அது யாரு கணக்கு? 15 மில்லி எண்ணெய்ல 120 கலோரி இருக்கு. குழி நெறைய ஊத்துனா அந்த நாலு இட்லிக்கும் எண்ணெய்க்கும் தராசு சமமா நிக்கும். காப்பி நாலு தடவை, தடவைக்கு ரெண்டு கரண்டி சீனி. அங்க ஒரு 150. பேசிக்கிட்டே அள்ளுன மிக்சரு? ஒங்க அம்மை 'ருசி பாரு'ன்னு நீட்டுன வடை? நின்னுக்கிட்டுத் தின்னா கணக்குல வராதுன்னு எவம்லே சொன்னான்?

அப்புறம் ஞாயித்துக்கெழம. அதுக்கு 'சீட் மீல்'னு ஒரு பட்டாபிஷேகம். ஆறு நாளு 300 வீதம் பிடிச்சா 1800 மிச்சம். பரோட்டாக் கடையில ஒரு ராத்திரி ஒக்காந்தேன்னா அதுல பாதிக்கு மேல சால்னாவோட போயிரும். பரோட்டா திங்காதன்னு நான் சொல்லல. திருநவேலிக்காரன் அப்படிச் சொன்னா நாக்கு அழுகிப்போவும். தின்னுட்டு எழுதுன்னுதான் சொல்லுதேன். உழுதவன் கணக்குப் பாக்கப்படாதும்பாங்க, தின்னவன் பாக்கணும்லே.

கணக்குப் பாத்தா ஒனக்கு ரோஷம் வந்துரும். ஒரேயடியா பட்டினி கெடப்பேன்னு கெளம்புவே. அமெரிக்காவுல மின்னசோட்டான்னு ஒரு மாகாணம். 1945ல அங்க ஆன்செல் கீஸ்னு ஒருத்தர் 36 வாலிபப் பயலுவளை ஆறு மாசம் அரை வயித்துச் சோத்துல வச்சுப் பாத்தாரு. எடை கால்வாசி எறங்கிச்சு. கூடவே பலமும் எறங்கிச்சு. காலு வீங்கித் தண்ணி கோத்துச்சு, வெயில் காலத்துலயும் குளுருச்சு. பொழுதன்னைக்கும் சோத்து நெனப்புதான். செல பேரு ஒக்காந்து சமையல் புஸ்தகம் சேத்தாங்களாம். ஒனக்கு இதெல்லாம் வேணுமா? ஒரு நாளைக்கு 200 கலோரி மட்டும் கொறை. இல்லன்னா கொஞ்சம் கொறச்சு, மிச்சத்துக்கு நட. சாயங்காலம் தாமிரவருணிக் கரை வரைக்கும் நடந்தா எவனாவது டிக்கெட் கேக்கானா?

கையில கட்டியிருக்க வாட்ச்சை நம்பி மட்டும் திங்காத. 2017ல ஸ்டான்போர்டுக்காரங்க ஏழு விதமான வாட்ச்சைச் சோதிச்சாங்க. நாடித் துடிப்பைப் பெரும்பாலும் சரியாச் சொல்லுச்சு. கலோரிக் கணக்குல, இருக்கதுலயே யோக்கியமானதே 27 சதவீதம் தப்பு. அதைப் பாத்துட்டா ரெண்டு லட்டு கூடுதலாத் தின்னே?

இன்னொரு கூத்தும் பாக்கேன். எடை நின்னதும் கனமான பளுவை எறக்கி வச்சிட்டு, பிளாஸ்டிக் டம்ப்பெல்லைத் தூக்கி அம்பது தடவை ஆட்டுதே. எதுக்குலே? கொழுப்பு கரையவா? சோறு கொறையுத காலத்துல தசை எதுக்குத் தங்கும்? அதுக்கு வேலை இருக்குன்னு தெரிஞ்சாத் தங்கும். அந்த வேலை கனம்தான். ஒடம்பு அலுத்துட்டா தூக்குத நாளைக் கொறச்சுக்கோ, சுத்தைக் கொறச்சுக்கோ, பளுவைக் கொறைக்காத. பணகுடிப் பக்கம் வடலிவிளையில பொங்கலுக்கு இன்னும் இளவட்டக்கல்லு தூக்குதாங்க, பொம்பளைப்பிள்ளையளும் தூக்குதாங்க. குத்தவச்சு முழங்காலுக்கு, அங்கேருந்து நெஞ்சுக்கு, தோளுக்கு, அப்புறம் பின்னாடி உருட்டிவிடணும். டெட்லிஃப்டு, ஸ்குவாட்டு எல்லாம் அதுலயே இருக்கு. அந்தக் காலத்துல எல்லாரும் பயில்வான்னு கதை விடமாட்டேன். பாதிப்பேரு பஞ்சத்துல ஒல்லி.

தசை நிக்க புரதம் வேணும். பளு தூக்குதவனுக்கு ஒடம்பு எடையில கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம்னு ஆராய்ச்சி சொல்லுது. இட்லி சாம்பாரை மட்டும் நம்புனா அது எட்டாது. முட்டை, மீனு, கோழி, சுண்டல்னு ஒவ்வொரு வேளையும் பாத்து வையி. டப்பாவுல விக்க புரதப் பொடியைத் தவிர்க்கச் சொல்லி ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024 வழிகாட்டுதல்ல சொல்லியிருக்கு. நான் சொன்னா பழங்காலத்துக் கெழவன்ம்பே, அவங்க சொன்னதையாவது கேளு.

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனைத் தேய்ச்சுக்கிட்டு, 'கொழுப்பு கரைய எட்டு வழி'ன்னு படம் பாக்கே. 2010ல சிகாகோவுல பத்துப் பேருக்கு ஒரே அளவு சோத்தைப் போட்டு, ரெண்டு வாரம் எட்டரை மணி நேரம், ரெண்டு வாரம் அஞ்சரை மணி நேரம் படுக்க வச்சாங்க. ரெண்டுலயும் எடை ஒண்ணுபோல மூணு கிலோ சுமாருக்கு எறங்கிச்சு. நல்லாத் தூங்குனப்ப அதுல 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் கெட்டப்ப 0.6தான், மீதியில தசையும் சேந்து போயிட்டு. ஒன் எட்டு வழியில தூக்கம் எத்தனாவது வழிலே?

எண்ணெயை அள, நட, பளுவை விடாத, தூங்கு. நாலு வாரம் பொறு. அதுக்கும் அசையலன்னா டாக்டர்கிட்டப் போயி தைராய்டைச் சோதிச்சுப் பாரு. என்கிட்ட வந்து நிக்காத. நான் வைத்தியன் இல்லலே.