மேலும் கீழும் பெருக்கு

ஒன்பதாம் வகுப்பில் வர்க்கமூலத்தோடு முதன்முதலாகப் பழகியவர்களுக்கு நினைவிருக்கும்: பகுதியில் √3 − √2 என்று ஒன்று உட்கார்ந்திருந்தால் அப்படியே விட்டுவிட அனுமதி கிடையாது. அதன் இணையான √3 + √2-ஐ எடுத்து மேலும் கீழும் பெருக்கி, கீழே இருக்கும் மூலக்குறிகளை எல்லாம் வெளியேற்றிய பிறகுதான் அதற்கு விடை என்று பெயர்.

ஏன் என்று எங்கள் கணக்கு வாத்தியார் கரும்பலகையிலேயே காட்டினார். 1-ஐ 1.41421356-ஆல் வகுக்கச் சொன்னார். நாங்கள் நெடுவகுத்தலில் இறங்கி, ஒவ்வோர் இலக்கத்துக்கும் எத்தனை தடவை போகும் என்று உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு பக்கத்தைக் கரியாக்கிக்கொண்டிருந்தபோது, அவர் 1/√2-ஐ √2/2 ஆக்கி, 1.41421356-ஐ இரண்டால் வகுத்து 0.70710678 என்று ஒரே மூச்சில் எழுதி முடித்தார். கால்குலேட்டரைக் கடைக் கல்லாவில் மட்டுமே பார்த்திருந்த, மேல்நிலை வகுப்புக்குப் போனால் மடக்கை அட்டவணையே கதி என்றிருந்த அந்தக் காலத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்த வசதி அல்ல, அந்த அடித்தல். (√3 − √2)(√3 + √2) என்று விரித்தால் நான்கு உறுப்புகள் வரும். நடுவில் ஒரு +√6, ஒரு −√6. இரண்டையும் குறுக்கே கோடிழுத்து அடித்தால் மிஞ்சுவது 3 − 2, அதாவது வெறும் 1. பகுதியே இல்லாமல் போய் √3 + √2 மட்டும் தனியாக நிற்கும். √5 − 2, 2 − √3 என்று கீழே ஒன்றாகவே முடியும்படி எண்களைத் தேடித் தேடிப் பொறுக்கிவைத்த அந்த முகம் தெரியாத புத்தக ஆசிரியர்மேல் எனக்கு இன்றைக்கும் பிரியம் உண்டு. பிறகு பின்பக்கத்தைப் புரட்டி, அச்சிட்ட விடையும் நம் விடையும் குறி பிசகாமல் ஒத்துப்போவதைப் பார்க்கும் சுகம் தனி. எல்லோரும் பகுதியை ஒரே மாதிரி துப்புரவாக்கினால்தானே இரண்டு பேரின் விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்!

இப்போது என் பேத்தி அதே பாடத்தைப் படிக்கிறாள். கைபேசியில் 1/(√3 − √2) என்று தட்டினால் 3.1462643 என்று கண் இமைப்பதற்குள் வந்துவிடுகிறது. கல்லூரிப் பிள்ளைகள் வைத்திருக்கும் கால்குலேட்டரோ 1/√2 என்று கொடுத்தால் தானாகவே √2/2 என்று திருத்திக் காட்டுகிறது. "அப்புறம் எதுக்கு தாத்தா இவ்ளோ சுத்தி வரணும்?" என்கிறாள். நியாயமான கேள்விதான். நெடுவகுத்தல் போன பிறகும் விதி மட்டும் தங்கியிருக்கிறது; காரணத்தைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

காகிதத்தில் முதலில் ஒன்று காட்டினேன். இரண்டு தசம இடம் மட்டும் வைத்துக்கொள்: 1.73-இலிருந்து 1.41 போனால் 0.32, அதால் 1-ஐ வகுத்தால் 3.125. இணை வழியில் வெறுமனே கூட்டினால் 3.14, உண்மைக்கு எவ்வளவோ நெருக்கம். ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது முன்னிலக்கங்கள் எல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன, மிஞ்சுவது நாம் வெட்டி எறிந்த கடைசி இலக்கங்களின் பிழைதான்.

"மெஷினுக்கு அது வராதே" என்றாள். கணினியில் விரிதாளைத் திறந்து, ஒன்றுக்குப் பின் 16 சுழியங்கள் போட்ட எண்ணை எடுத்து, அதோடு ஒன்றைக் கூட்டியதன் வர்க்கமூலத்திலிருந்து அதன் வர்க்கமூலத்தைக் கழிக்கச் சொன்னேன். விடை 0. சுமார் 16 இலக்கங்களையே நினைவில் வைத்துக்கொள்ளும் அந்த இயந்திரம், கூட்டிய ஒன்றைக் கண்டுகொள்ளவே இல்லை. அவளே பென்சில் எடுத்து இணையால் பெருக்கினாள்: மேலே 1, கீழே இரண்டு பத்துக் கோடிகளின் கூட்டல், 0.000000005. அதே விரிதாளில் இந்த வடிவத்தை இட்டபோது அதுவும் அதையே சொன்னது. கணிப்பு நிரல் எழுதுகிறவர்கள் இன்றும் இதற்காகவே இணையைத் தேடுகிறார்கள். இரண்டு வருஷம் போனால் வர்க்கமூலத்தை வகையிடும்போது இதே பெருக்கலைத் தொகுதியில் செய்யப்போகிறாள் என்பதை மட்டும் சொல்லிவைத்தேன்.

அவள் விடவில்லை. சுழியங்களைக் குறைத்துக்கொண்டே போய் 12-இல் நிறுத்தினாள். கழித்தல் வழியில் 0.0000005000038, இணை வழியில் 0.0000005. அந்த 38 எங்கிருந்து முளைத்தது என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதைச் சொல்ல இரும எண்களிலிருந்து தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம் என்றிருக்கிறேன்.