சீஸை அமுக்கும் கட்டைவிரல்: ஒரு நுண்கணித விசாரணை

சீஸ் திடமா, திரவமா என்பது பார்ப்பவரின் பொறுமையைப் பொறுத்தது. சட்டென்று தட்டினால் திடம்; மேலே ஒரு எடைக்கல்லை வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்த்தால் கொஞ்சம் திரவம். இந்த இரண்டுங்கெட்டான் நிலையை ஆராய்வதே நம் நோக்கம். பயன் என்ன என்று கேட்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

முன்னோர் கூற்றை முதலில் காண்போம். திடப்பொருளில் தகைவு (உள்ளே எழும் எதிர்ப்பு) திரிபை, அதாவது உருமாற்றத்தின் அளவைப் பொறுத்தது என்றார் ஹூக். திரவத்தில் அது திரிபின் வேகத்தைப் பொறுத்தது என்றார் நியூட்டன். இருவரும் செடார் சீஸுக்குப் பெயர்போன நாட்டில் பிறந்தும் சீஸைக் கண்டுகொள்ளவில்லை. பின்வந்தோர் திடத்துக்குச் சுருள்வில்லையும் திரவத்துக்கு எண்ணெய்க் குடுவைப் பிஸ்டனையும் விதவிதமாக மாட்டிப் பார்த்தார்கள். சீஸ் துண்டு சிறியதாகவே இருந்தது. சமன்பாடு மட்டும் வளர்ந்தது.

ரெடிங் நகருக்கருகே ஷின்ஃபீல்டில் இருந்த பால்பண்ணை ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஜி. டபிள்யூ. ஸ்காட் பிளேர் 1940களில் வேறு வழி பிடித்தார். சீஸைத் தரம் பிரிப்பவர் கட்டைவிரலால் அமுக்குவார், 'உம்' என்பார், தரம் முடிவாகிவிடும். அந்த 'உம்'முக்குச் சமன்பாடு எழுதத் துணிந்தவர் ஸ்காட் பிளேர். ஹூக் திரிபை வகையிடவே இல்லை. நியூட்டன், வேகம் வேண்டி, ஒருமுறை வகையிட்டார். சீஸை ஏன் அரைமுறையோ கால்முறையோ வகையிடக் கூடாது? இது விளையாட்டன்று. அரை வகைக்கெழுவைப் பற்றி கணிதர் லைப்னிட்ஸ் 1695இலேயே சக கணிதர் லோபிதாலுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சுமார் 250 ஆண்டுகள் கழித்து அது சீஸ் கிடங்குக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பின்னத்தின் பெயர் ஆல்ஃபா. பூஜ்ஜியத்தை நெருங்கினால் ரப்பர் குணம். ஒன்றை நெருங்கினால் வழியும் குணம். நன்கு கனிந்த பிரீ சீஸ் எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தட்டைக் கழுவுபவர் அறிவார்.

அமெரிக்கர்கள் விரலை நம்பவில்லை, பல்லை நம்பினார்கள். 1950களில் எம்.ஐ.டி.யில் பொய்ப்பல் செட்டைப் பொருத்திய கருவி ஒன்று உருவானது. அதன் வாரிசு, 1963இல் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தில் அலினா ஷெஸ்னியாக் குழுவினர் வெளியிட்ட டெக்ஸ்சுரோமீட்டர். அது உணவை இரண்டே கடி கடிக்கும். கடினம், ஒட்டிணைவு, மீள்தன்மை மூன்றையும் பெருக்கினால் மெல்லுவதற்கு ஆகும் பாடு கிடைத்துவிடும். விழுங்காது, ருசியைப் பற்றி வாய் திறக்காது. இந்த அடக்கம் எல்லா விமர்சகருக்கும் வாய்ப்பதில்லை.

ஆயினும் எம் துணிபு ஷின்ஃபீல்டின் பக்கமே. பல் இரண்டு கடிக்குப் பின் சொல்வதை விரல் ஒரே அமுக்கலில் சொல்லிவிடுகிறது. சீஸும் முழுசாக மிஞ்சுகிறது. ஆகவே வாசகர்கள் அடுத்தமுறை கடையில் சீஸை அமுக்கிப் பார்க்கவும். கடைக்காரர் முறைத்தால், அரை வகைக்கெழு எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லவும்.